தறி நம்முடையது, கொட்டகை யாருடையது?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. கணினி அறிவியல்)

படித்தவன் எந்தப் பத்திரத்தையும் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்திடுவான் என்பது நம் நாட்டுப்புற மக்களின் நம்பிக்கை. அந்த நம்பிக்கை என்னளவில் பொய்த்துப்போன நிகழ்ச்சியைச் சொல்லித்தான் இக்கட்டுரையைத் தொடங்க வேண்டியிருக்கிறது. வெட்கத்தோடுதான் சொல்கிறேன். ஆயினும் சொல்லாமல் இருப்பதில் பயனில்லை.

என் தந்தை சங்கரன்கோவிலில் ஒரு விசைத்தறிக் கொட்டகையில் நெசவாளி. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். சென்ற கோடை விடுமுறையில் அந்தக் கொட்டகையின் உரிமையாளர் என்னை அழைத்தார். "தம்பி, நீ கம்ப்யூட்டருக்குத்தானே படிக்கே? ஒரு ஒத்தாசை பண்ணுடே" என்றார். நூல் வரவு, துணி விற்பனை, கூலி ஆகிய கணக்குகளை எழுத அவர் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மென்பொருளை விலை கொடுத்து வாங்கியிருந்தார். அது கொட்டகையின் மூலையில் இருந்த பழைய கணிப்பொறியில் ஓடிக்கொண்டிருந்தது. திருப்பூரில் இருக்கும் தம் மகனும் அங்கிருந்தபடியே கணக்கைப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய விருப்பம்.

"இது என்ன பெரிய காரியம் அண்ணாச்சி! கிளவுடில் ஏற்றிவிட்டால் ஆயிற்று" என்று மார்தட்டினேன். ஒரு பெரிய நிறுவனத்தின் சர்வரில் ஒரு மாத வாடகைக்கு இடம் பிடித்தோம். பணம் அவருடையது. மென்பொருளை அங்கே ஏற்றினேன். வழியில் வந்த ஒப்பந்தத்தின் அடியில் 'ஒப்புக்கொள்கிறேன்' என்ற கட்டத்தை அழுத்தினேன். மென்பொருள் ஓட மறுத்தது. விற்றவர்களுக்குத் தொலைபேசியில் பேசினால், "உங்கள் உரிமம் உங்கள் கட்டடத்தில் உள்ள கணிப்பொறிக்கு மட்டும்தான். வாடகைச் சர்வரில் ஓட்ட வேண்டுமானால் மாதச் சந்தா தனி. ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதியிருக்கிறதே" என்றார்கள். எடுத்துப் பார்த்தேன். எழுதித்தான் இருந்தது.

உரிமையாளர் கோபப்படவில்லை. "நாலெழுத்து படிச்ச பிள்ளை நீ. அதுல என்ன எழுதியிருக்குன்னு பார்க்கலியாடே?" என்று மட்டும் கேட்டார். பக்கத்தில் என் தந்தை தலைகுனிந்து நின்றார். வீட்டுக்கு வந்த பிறகு அவர் சொன்னது இன்னும் என் காதில் ஒலிக்கிறது: "ஏலே, பத்திரத்தைப் படிக்காம கைநாட்டு வைக்கதுக்கா உன்னைக் காலேசுக்கு அனுப்புனேன்?"

என் தாத்தா கடன் பத்திரத்தில் கைநாட்டு வைத்தார். என் தந்தை கையெழுத்துப் போட்டார். நான் சுட்டியை அழுத்தினேன். மூவருமே படிக்கவில்லை. தாத்தாவுக்குப் படிக்கத் தெரியாது என்ற நியாயமாவது இருந்தது. எனக்கு என்ன நியாயம் இருக்கிறது?

அன்று தொடங்கி இந்த உரிமங்களைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்கலானேன். படிக்கப் படிக்க, இது ஒரு விசைத்தறிக் கொட்டகையின் சிக்கல் மட்டுமன்று, அரசுகளும் ஆலைகளும் மாட்டிக்கொண்டிருக்கும் சிக்கல் என்பது புலனாயிற்று. அதை நண்பர்களோடும் ஆசிரியப் பெருமக்களோடும் பகிர்ந்துகொள்வது என் கடமை எனக் கருதுகிறேன்.

மேகம் என்பது யாது?

'கிளவுட்' என்றவுடன் நம்முடைய கோப்புகள் வானத்தில் மிதப்பதாகப் பலர் எண்ணிக்கொள்கிறார்கள். மேகம் என்பது பெயரளவில்தான். உண்மையில் அது தரையில் நிற்கும் கட்டடம். உள்ளே ஆயிரக்கணக்கான கணிப்பொறிகள். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2015-இல் சென்னை, மும்பை, புனே ஆகிய நகரங்களில் இத்தகைய மையங்களைத் திறந்தது. அமேசான் 2016-இல் மும்பைக்கு வந்தது. கூகுள் 2017-இல் அங்கே வந்தது. இவர்கள் தங்கள் கணிப்பொறிகளை மணிக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் வாடகைக்கு விடுகிறார்கள். சொந்தமாகக் கொட்டகை கட்ட வசதியில்லாதவன் மின்சாரத்தோடு கூடிய கொட்டகையை வாடகைக்கு எடுத்துத் தறி போடுவது போன்றதே இது. இதில் தவறில்லை. சிறிய தொழில் செய்வோருக்கு இது பெரிய வசதியுங்கூட.

சிக்கல் கொட்டகையில் இல்லை, தறியில்தான் இருக்கிறது. தறியை விலைக்கு வாங்கியவன் அதைத் தன் வீட்டில் போடலாம். மாமன் வீட்டில் போடலாம். வேண்டாமென்றால் விற்றும் விடலாம். விற்றவன் ஏன் என்று கேட்க முடியாது. மென்பொருள் அப்படியன்று. நாம் 'வாங்கினோம்' என்று சொல்வதெல்லாம் பேச்சுக்குத்தான். நாம் பெறுவது பயன்படுத்திக்கொள்ளும் அனுமதி ஒன்றே. எத்தனை பேர், எத்தனை கணிப்பொறியில், எவருடைய கட்டடத்தில் என்பதையெல்லாம் விற்றவரே வரையறுக்கிறார். இவ்வரையறைக்குத்தான் உரிமம் என்று பெயர்.

தறி விற்பவரே கொட்டகையும் கட்டினால்?

மென்பொருள் விற்பவர் வேறு, சர்வர் வாடகைக்கு விடுபவர் வேறு என்று இருந்தவரை இது அவ்வளவாக உறுத்தவில்லை. தறி விற்பவரே கொட்டகையும் கட்டி வாடகைக்கு விடத் தொடங்கியபோதுதான் வினை விளைந்தது. தம் கொட்டகைக்கு வருபவருக்கு ஒரு விலை, அடுத்தவர் கொட்டகைக்குப் போகிறவருக்கு வேறொரு விலை என்று வைக்கும் ஆசை அவருக்கு வராமல் இருக்குமா?

இரண்டு எடுத்துக்காட்டுகள் சொல்லலாம். தரவுத்தள மென்பொருளில் புகழ்பெற்றது ஆரக்கிள். 2017 ஜனவரியில் அது கிளவுடுக்கான தன் உரிமக் கணக்கை மாற்றியது. 8 கோர் கொண்ட இன்டெல் சர்வரைச் சொந்தக் கட்டடத்தில் வைத்து அதன் பெரிய தரவுத்தளத்தை ஓட்டினால், கோருக்கு அரை உரிமம் என்ற கணக்கில் 4 உரிமங்கள் வேண்டும். அதே 8 கோர் ஆற்றலை அமேசானிடமோ மைக்ரோசாஃப்டிடமோ வாடகைக்கு எடுத்து ஓட்டினால், அந்த அரைக் கணக்கு செல்லாது. 8 உரிமங்கள் வேண்டும். ஆரக்கிளின் சொந்தக் கிளவுடுக்குப் போனாலோ மறுபடியும் 4 போதும். தறியும் அதே தறி, துணியும் அதே துணி. கொட்டகை மாறியதும் விலை இரட்டிப்பாகிவிட்டது.

மற்றொன்று மைக்ரோசாஃப்ட். 2019 அக்டோபர் 1 முதல் அது ஒரு புதிய விதியைக் கொண்டுவந்தது. அதற்குமுன், ஒருவர் தமக்கென ஒதுக்கப்பட்ட தனிச் சர்வரை ஒரு கிளவுட் நிறுவனத்தில் வாடகைக்கு எடுத்தால், கையில் இருக்கும் விண்டோஸ் சர்வர் உரிமத்தையே அங்கே பயன்படுத்த முடிந்தது. புதிய விதிப்படி, அந்நாளுக்குப் பின் வாங்கிய உரிமங்களை அலிபாபா, அமேசான், கூகுள் ஆகியவற்றின் தனிச் சர்வர்களுக்கு அவ்வாறு கொண்டுபோக முடியாது. அந்தப் பட்டியலில் மைக்ரோசாஃப்டின் பெயரும் இருப்பது உண்மையே. ஆனால் அதன் சொந்தக் கிளவுடுக்கு வருவோர் பழைய உரிமத்தைக் கொண்டு சலுகை பெறத் தனியே ஒரு வாசல் திறந்து வைக்கப்பட்டிருந்தது. 2022 அக்டோபரில் சிறிய கிளவுட் நிறுவனங்களுக்கு விதியைத் தளர்த்தினார்கள். அந்தப் பெரிய பட்டியலுக்கு மட்டும் தளர்த்தவில்லை.

இதனை எதிர்த்து ஐரோப்பாவின் கிளவுட் நிறுவனங்கள் சேர்ந்த சங்கம் 2022 நவம்பரில் ஐரோப்பிய ஆணையத்திடம் முறையிட்டு, 2024 ஜூலையில் சமரசம் செய்துகொண்டது. பிரிட்டனில் வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் அமைப்பு நீண்ட விசாரணை நடத்தி, 2025 ஜூலை 31-இல் தன் முடிவை வெளியிட்டது. அந்நாட்டார் கிளவுடுக்குச் செலவிடும் தொகையில் அமேசானும் மைக்ரோசாஃப்டும் தலைக்கு 30 முதல் 40 விழுக்காடு பெறுகின்றன என்றும், மைக்ரோசாஃப்டின் உரிம முறை போட்டியைக் கெடுக்கிறது என்றும் அது கூறியது. படித்தவர்கள் நிறைந்த நாடுகளே இப்படி வழக்கும் விசாரணையுமாக அலையும்போது, சங்கரன்கோவில் கொட்டகை எம்மாத்திரம்?

மறுபக்கமும் உண்டு

ஒருபக்கம் மட்டும் பேசுவது மாணவனுக்கு அழகன்று. "நாங்கள் பாடுபட்டு ஆக்கிய பொருள்; அதற்கு விலை சொல்லும் உரிமை எங்களுக்கு இல்லையா?" என்று நிறுவனத்தார் கேட்கலாம். நியாயமான கேள்வியே. உழைத்தவன் கூலி கேட்பதை நெசவாளி மகன் குறை சொல்ல மாட்டான்.

இன்னொரு வகைக் கட்டுப்பாடும் உண்டு. அதைப் போட்டவர்கள் பெரிய நிறுவனங்கள் அல்லர். பெரிய நிறுவனங்களுக்கு அஞ்சியவர்கள். மோங்கோ டிபி, எலாஸ்டிக், ரெடிஸ் ஆகியவை எவரும் எடுத்து ஆளலாம், திருத்தலாம் என்று திறந்து வைக்கப்பட்ட கட்டற்ற மென்பொருள்கள். கிளவுட் பெருநிறுவனங்கள் இவற்றைத் தம் சர்வர்களில் ஏற்றி, சேவையாக விற்றுப் பொருள் ஈட்டின. ஆக்கியவர்களுக்குப் போதிய பங்கு வரவில்லை என்ற மனக்குறை எழுந்தது. ஊர்ப் பொதுக் கிணற்றில் ஒருவர் பெரிய மோட்டாரைப் போட்டு லாரி லாரியாகத் தண்ணீர் விற்றால், கிணறு வெட்டியவனுக்கு வயிறு எரியாதா? 2018 அக்டோபரில் மோங்கோ டிபியும், 2021 ஜனவரியில் எலாஸ்டிக்கும், 2024 மார்ச்சில் ரெடிஸும் உரிமத்தை இறுக்கின.

விளைவு என்ன? எலாஸ்டிக் பூட்டியதும் அமேசான் பழைய வடிவத்தை எடுத்து ஓப்பன்சர்ச் என்று தனியே நடத்தத் தொடங்கியது. ரெடிஸ் பூட்டியதும் லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் வால்கீ என்ற இன்னொரு கிணறு வெட்டப்பட்டது. அமேசானும் கூகுளும் அதற்குத் துணைநின்றன. பிறகு எலாஸ்டிக் 2024-இலும் ரெடிஸ் 2025-இலும் கட்டற்ற உரிமம் ஒன்றை மீண்டும் சேர்த்துக்கொண்டன. மோட்டார் வைத்திருந்தவர் அடுத்த கிணற்றுக்குப் போய்விட்டார். பூட்டைக் கண்டு மலைத்து நின்றவன் குடத்தோடு வந்தவன்தான்.

ஆகவே, உரிமத்தில் நிபந்தனையே இருக்கக்கூடாது என்று நான் வாதிடவில்லை. எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள், எவ்வளவு பயன்படுத்துகிறார்கள் என்பதைப் பொறுத்து விலை வைக்கட்டும். எவருடைய கட்டடத்தில் பயன்படுத்துகிறோம் என்பதைப் பொறுத்து விலை வைப்பது முறையன்று. இதுவே என் கருத்து.

நமக்கு இதில் என்ன?

"இதெல்லாம் அமெரிக்கக் கம்பெனிகளின் சண்டை; மேலநீலிதநல்லூரில் இருக்கும் நமக்கு என்ன?" என்று நண்பர்கள் கேட்கலாம். நம் நாட்டிலேயே நடந்ததைச் சொல்கிறேன். குஜராத்தின் வாடினாரில் பெரிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையை நடத்துவது நயாரா எனர்ஜி. ரஷ்யாவின் ரோஸ்நெஃப்ட் நிறுவனத்துக்கு அதில் பங்கு உண்டு. 2025 ஜூலை 18-இல் ஐரோப்பிய ஒன்றியம் நயாராமீது தடை விதித்தது. சில நாள்களில் அந்நிறுவனத்துக்கு மைக்ரோசாஃப்டின் மின்னஞ்சல் முதலிய சேவைகள் நிறுத்தப்பட்டன. பணம் கட்டிப் பெற்ற உரிமம் கையில் இருந்தது. ஆனால் கதவு திறக்கவில்லை. நயாரா டெல்லி உயர் நீதிமன்றத்தை நாடியது; ஜூலை மாத இறுதியில் சேவை திரும்பக் கிடைத்தது. தடை விதித்தது சரியா, தவறா என்பது வேறு பேச்சு. இந்திய மண்ணில், இந்தியச் சட்டப்படி நடக்கும் ஓர் ஆலையின் கடிதப் போக்குவரத்துக்குச் சாவி எங்கே இருக்கிறது என்பதை அந்தச் சில நாள்கள் காட்டிவிட்டன. எண்ணெய் ஆலை நீதிமன்றம் போயிற்று. கொட்டகை உரிமையாளர் எங்கே போவார்?

தமிழ்நாடு இதைப்பற்றி முன்பே சிந்தித்த மாநிலம் என்பதை நாம் மறந்துவிட்டோம். அரசு நிறுவனமாகிய எல்காட், திரு. உமாசங்கர் அவர்கள் மேலாண்மை இயக்குநராக இருந்தபோது, 2006-07 காலத்தில் தன் கணிப்பொறிகளை லினக்ஸுக்கு மாற்றியது. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007-இல் வெளிவந்தது. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்த்துத் தரப்பட்டது. என் அக்கா பன்னிரண்டாம் வகுப்பில் வாங்கி வந்த மடிக்கணினியில்தான் நான் தட்டச்சு பழகினேன். அதைத் திறந்தால் இரண்டு பெயர்கள் தோன்றும். இரண்டாவது பெயரை நாங்கள் ஒரு நாளும் அழுத்திப் பார்த்ததில்லை. அது எதற்கு என்று கேட்கவும் தோன்றவில்லை. அரசு கொடுத்த சாவி வீட்டிலேயே கிடந்தது. பூட்டு இருப்பதுதான் எங்களுக்குத் தெரியவில்லை.

நம் மாவட்டத்திலேயே, தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில், ஸோஹோ நிறுவனத்தின் அலுவலகம் 2011 முதல் இயங்குகிறது. அந்நிறுவனம் பிறருடைய கிளவுடை நம்பாமல் சொந்தச் சர்வர் மையங்களில் தன் சேவைகளை நடத்துகிறது. ஒன்றிய அரசு ஊழியர் ஏறத்தாழ 12 லட்சம் பேரின் மின்னஞ்சல் அதன் மென்பொருளுக்கு மாற்றப்பட்டதாக 2025-இல் செய்தி வந்தபோது நம் பேருந்துகளிலெல்லாம் அதே பேச்சு. எனக்கும் பெருமைதான். ஆனால் ஒன்றை மறக்கலாகாது. உள்ளூர்க் கொட்டகையும் கொட்டகைதான். அதற்கும் ஒரு வாடகைப் பத்திரம் உண்டு. நம்மூர்க்காரர் என்பதற்காகப் பத்திரத்தைப் படிக்காமல் விடுவது பெருமையாகாது, சோம்பலாகும். நாளை வேறிடம் போக வேண்டுமானால் நம் கணக்குகளை முழுமையாக எடுத்துக்கொண்டு போக முடியுமா என்ற கேள்வியை எவரிடமும் கேட்கத்தான் வேண்டும்.

செய்ய வேண்டியவை

குறை சொல்லி முடிப்பது எளிது. எனக்குத் தோன்றிய சிலவற்றைப் பணிவோடு முன்வைக்கிறேன்.

முதலாவது, அரசுக்கு. கட்டற்ற மென்பொருளுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்ற கொள்கையை ஒன்றிய அரசு 2015-இலேயே அறிவித்திருக்கிறது. அதனோடு ஒரு வரியைச் சேர்த்தால் போதும்: அரசுப் பணத்தில் வாங்கும் எந்த மென்பொருளையும் எந்தச் சர்வரிலும் கூடுதல் கட்டணமின்றி இயக்கும் உரிமை வேண்டும் என்பதை ஒவ்வொரு ஒப்பந்தப்புள்ளியிலும் நிபந்தனையாக வைக்கட்டும். தனி ஆள் கேட்டால் தராததை, ஓர் அரசு கேட்டால் தருவார்கள்.

இரண்டாவது, ஆசிரியப் பெருமக்களுக்கு. தரவுத்தளம் எப்படி இயங்குகிறது என்று எங்களுக்குச் செவ்வனே கற்பிக்கிறீர்கள். அதை எங்கே இயக்க நமக்கு உரிமை உண்டு என்பதையும் ஒரே ஒரு வகுப்பில் சொல்லித் தாருங்கள். மூன்றாம் ஆண்டுத் திட்டப்பணியில், பயன்படுத்திய மென்பொருள்களின் உரிமத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுத வேண்டும் என்று விதித்தாலே பாதி வேலை முடிந்தது.

மூன்றாவது, நமக்கு. நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் தெருக்களைக் கூட்டுகிறோம், மரக்கன்று நடுகிறோம். ஒரு நாளை ஒதுக்கி, சங்கரன்கோவில் தறிக்கொட்டகைகளுக்கும் புளியங்குடி எலுமிச்சைக் கடைகளுக்கும் சென்று, அவர்கள் பயன்படுத்தும் மென்பொருளின் ஒப்பந்தத்தைப் படித்து, எளிய தமிழில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் என்ன? நம்மில் பெரும்பாலோர் வீட்டில் முதல் பட்டதாரிகள். ரேஷன் கடை முதல் வங்கி வரை வீட்டுக்கு வரும் தாள்களையெல்லாம் படித்துச் சொல்கிறவர்கள் நாம்தாமே? இதையும் படித்துச் சொல்வோம்.

முடிவாக

கொட்டகை உரிமையாளருக்கு நான் பட்ட கடன் இன்னும் முழுமையாகத் தீரவில்லை. போஸ்ட்கிரெஸ் என்ற கட்டற்ற தரவுத்தளத்தை வைத்து, அவருக்கென ஒரு கணக்குநிரலை எழுதிக்கொண்டிருக்கிறேன். விடுமுறை நாள்களில் மட்டும் எழுதுவதால் கூலிக் கணக்கு மட்டுமே இதுவரை முடிந்திருக்கிறது; நூல் கணக்கு பாக்கி. அதுவரை பழைய கணிப்பொறியே ஓடுகிறது. முடிந்ததும் எந்தச் சர்வரிலும் ஏற்றலாம். ஒருவர் வாடகையை உயர்த்தினால் அடுத்தவரிடம் போகலாம்.

வேலையைத் தொடங்கிய அன்று இரவு தந்தை பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். திரையில் இருந்ததைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இதுக்கும் பத்திரம் உண்டாலே?" என்று கேட்டார். உண்டு என்றேன். "படிச்சுப் பார்த்தியா?" என்றார்.

அது சிறிய பத்திரம். ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். அவருக்கு அதைத் தமிழில் வாசித்துக் காட்டினேன்.